அந்த மின்னஞ்சல் எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது?

சுங்கை சிப்புட்டில் கடற்கரை கிடையாது. மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் போல் தள்ளி, சுண்ணாம்புக்கல் மலைகளுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர் இது. அலையைப் பார்க்க ஆசைப்பட்டால் லூமுட் வரை வண்டி ஓட்ட வேண்டும். ஆனால் நான் புகைப்படமெடுக்கும் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம் எனக்கு வந்த ஒரு மின்னஞ்சல், "சுங்கை சிப்புட் கடற்கரையில்" நடக்கவிருக்கும் திருமணத்துக்கு நான் வர முடியுமா என்று கேட்டது. தேதி ஆகஸ்டு 5. அதாவது ஆடி மாதம்.

கடல் இல்லாத ஊரில் கடற்கரைக் கல்யாணம், அதுவும் ஆடியில். அம்மாவிடம் காட்டியிருந்தால் அடுப்படியிலிருந்தே சிரித்திருப்பார். நான் காட்டவில்லை. சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் சம்மதித்த முதல் வாடிக்கையாளர் அவர். அந்த மயக்கத்தில் பூகோளமும் பஞ்சாங்கமும் சேர்ந்து மறந்துபோயின.

நான் கேட்டது 2,800 வெள்ளி, அதாவது ரிங்கிட். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் கணக்கில் 7,000 வெள்ளிக்குக் காசோலை போட்டதற்கான இயந்திரச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். பின்னாலேயே ஒரு வேண்டுகோள்: மேடை அலங்காரம் செய்யும் பெண்மணி காசோலை வாங்குவதில்லையாம், தான் மருத்துவமனையில் படுத்திருப்பதால் வங்கிக்கும் போக முடியாதாம். "உங்கள் சிரமத்துக்கு 500 வெள்ளி வைத்துக்கொண்டு, மீதி 3,700ஐ அவருக்கு அனுப்பிவிட முடியுமா?" கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். கணக்கில் 7,000 வெள்ளி கூடித்தான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு தொகை இருந்தது: எடுக்கக்கூடிய இருப்பு. அது என் பழைய 1,200 வெள்ளி மட்டுமே. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிக்காமல், "முதல் தவணையாக இதை அனுப்புகிறேன்" என்று அந்த 1,200ஐ அனுப்பிவைத்தேன். திங்கட்கிழமை காசோலை திரும்பிவிட்டது. மிச்சமான 2,500ஐக் காப்பாற்றியது என் புத்திசாலித்தனம் அல்ல, அது என்னிடம் இல்லாமல் போனதுதான்.

இப்போது தொழிலுக்குள் வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கோயில் திருவிழா, காதுகுத்து, வளைகாப்பு என்று சொந்தக்காரர்களுக்கு எடுத்துப் பழகி, இப்போது முகநூலில் ஒரு பக்கமும் அதில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் போட்டிருப்பீர்கள். முகவரி போட்ட சில வாரங்களில் இந்தக் கடிதங்கள் வரத் தொடங்கும்.

படி 1: பணம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள்

மோசடிக்காரனுக்கு உங்கள் படம் வேண்டாம், கேமராவும் வேண்டாம். உங்கள் கையால் உங்கள் பணம் ஒரு மூன்றாம் ஆளுக்குப் போக வேண்டும். கல்யாணம், மருத்துவமனை, மகள், மண்டபம் எல்லாம் அதற்குக் கட்டிய பந்தல்.

மூன்றாம் ஆள் அலங்காரக்காரராக இருக்கலாம், ஒப்பனைக் கலைஞராக, விழா ஏற்பாட்டாளராக, வண்டி ஓட்டுநராக இருக்கலாம். அவருக்கு மட்டும் எப்போதும் ஏதோ ஒரு குறை: கடன் அட்டை எடுக்கமாட்டார், காசோலை வாங்கமாட்டார். அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு ஏனோ அறிமுகமே இல்லாத உங்கள் தலையில் வந்து விழும்.

பணம் வரும் வழிகளில்தான் வேறுபாடு. காசோலையாக வந்தால் அது திரும்பும். நம் நாட்டுக் காசோலை அடுத்த வேலை நாளில் முடிவு தெரிந்துவிடும், அதனால்தான் வெள்ளிக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளிநாட்டுக் காசோலை என்றால் வாரக்கணக்கில் இழுக்கும். இந்த மோசடி அமெரிக்காவில் செழித்ததற்கும் இதேபோன்ற இடைவெளிதான் காரணம். அங்கே காசோலைப் பணத்தைச் சில நாளில் வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று வங்கிகளுக்குச் சட்டம் இருக்கிறது. அது போலி என்று தெரியவரச் சில வாரங்கள் ஆகலாம். நடுவில் விழுந்த பள்ளம் வாடிக்கையாளருடையது.

கடன் அட்டையில் வந்தால் அது பெரும்பாலும் யாரோ ஒருவரிடம் திருடிய அட்டை எண். உண்மையான அட்டைக்காரர் மாதக் கணக்கு வந்ததும் "இது நான் செலவழித்ததல்ல" என்று மறுப்பார். மாதங்கள் கழித்துக்கூட மறுக்கலாம். அப்போது கட்டண நிறுவனம் முழுத் தொகையையும் உங்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும், தண்டக் கட்டணமும் போடலாம்.

எல்லாவற்றிலும் கொடியது மூன்றாவது வழி. நிஜப் பணமே வரும். ஆனால் அது வேறொரு ஏமாந்தவருடைய பணம். நீங்கள் அதை வாங்கி அடுத்த ஆளுக்கு அனுப்பும்போது, நம் நாட்டில் கழுதைக் கணக்கு என்று சொல்கிறார்களே, உங்கள் கணக்கு அதுவாகிவிடுகிறது. அவர் போலீசில் புகார் கொடுத்தால் முதலில் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. முதலில் அழைக்கப்படுவதும் நீங்கள்தான். 2024இல் குற்றவியல் சட்டத்தில் இத்தகைய கணக்குகளுக்கென்றே புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. "வாடிக்கையாளர் சொன்னார், அனுப்பினேன்" என்று அங்கே போய் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

ஆகவே, கூடுதலாகப் பணம் வந்தால் அதிலிருந்து ஒரு சென் கூட எங்கும் அனுப்பாதீர்கள். வந்த வழியிலேயே திருப்ப உங்கள் வங்கியிடம் சொல்லுங்கள், நீங்களாகச் செய்யாதீர்கள்.

படி 2: கடிதத்தை இரண்டு முறை படியுங்கள்

எனக்கு வந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி:

"வணக்கம். உங்கள் தொடர்பு இணையத்தில் கிடைத்தது. சுங்கை சிப்புட் கடற்கரையில் என் மகளின் திருமணத்துக்குப் புகைப்படக் கலைஞர் தேவை. ஆகஸ்டு 5, காலை 11 முதல் மாலை 4 வரை. விருந்தினர் 60 பேர். உங்கள் கட்டணம் எவ்வளவு? கடன் அட்டை அல்லது காசோலை ஏற்பீர்களா? காதில் அறுவைச் சிகிச்சை செய்து மருத்துவமனையில் இருக்கிறேன், மின்னஞ்சலிலேயே பேசுவோம்."

இன்று இதைப் படித்தால் வரிக்கு வரி உதைக்கிறது. மகளுக்குப் பெயர் இல்லை. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. முகூர்த்தம் இல்லை, பதினொன்று முதல் நான்கு வரை என்று அலுவலகக் கூட்டம் போல நேரம் மட்டும் இருக்கிறது. அறுபது விருந்தினர் என்பது எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டு வேன்களில் வருபவர்களுக்கே போதாத கணக்கு. நான் எடுத்த படம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. என்ன மாதிரி படம் வேண்டும், ஆல்பம் வேண்டுமா, வீடியோ உண்டா என்ற பேச்சே கிடையாது. ஆனால் பணம் எப்படித் தருவது என்பதில் மட்டும் முதல் கடிதத்திலேயே அக்கறை. உண்மையான கல்யாண வீட்டார் பணத்தைப் பற்றிப் பேசும்போது "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்றுதான் தொடங்குவார்கள்.

எழுத்துப் பிழை இருந்தால் மோசடி என்ற பழைய அறிவுரையை விட்டுவிடுங்கள். இப்போது இயந்திரமே கடிதம் எழுதிக் கொடுக்கிறது, ஆங்கிலம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வருகிறது. பிழையோடு எழுதுபவர்தான் பெரும்பாலும் நம் வாடிக்கையாளர்.

கடிதத்தில் சந்தேகம் வரும் ஒரு வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் வைத்துக் கூகுளில் தேடிப் பாருங்கள். ஊர்ப் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி உலகம் முழுவதும் அனுப்பும் கடிதங்கள் இவை. என் கடிதத்தில் கடற்கரை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்படித்தான் புரிந்தது. எங்கோ கடலோரத்துப் படக்காரருக்கு எழுதிய கடிதத்தில் ஊரை மாற்றியவர், கடலை எடுக்க மறந்துவிட்டார்.

படி 3: ஊர்க்காரர் கேட்கும் கேள்வியைக் கேளுங்கள்

சின்ன வயதில் எனக்கு எரிச்சல் தந்த கேள்வி ஒன்று உண்டு. சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால் பக்கத்து மேசைப் பெரியவர் திரும்பிப் பார்த்து, "தம்பி எந்தத் தோட்டம்? யார் வீட்டுப் பிள்ளை?" என்பார். தோட்டத்தை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடிவந்து இருபது வருடமானவர்களும் இன்றுவரை தோட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் தங்களை அறிமுகம் செய்துகொள்கிறார்கள். எல்பில் என்றால் ஒரு சனம், சங்காட் சாலாக் என்றால் இன்னொரு சனம். பதில் சொன்ன அரை நிமிடத்தில் உங்கள் தாத்தாவை அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் கேள்வியைத்தான் மின்னஞ்சலிடம் கேட்க வேண்டும். விலையைச் சொல்வதற்கு முன் நான் இப்போது அனுப்பும் பதில் இதுதான்:

"வாழ்த்துகள். மணமக்கள் பெயர் என்ன? எந்த மண்டபம், எந்தக் கோயில்? முகூர்த்தம் எத்தனை மணிக்கு? மேடையும் சமையலும் யார் பொறுப்பு, நான் அவர்களோடு நேரத்தைப் பேசிக்கொள்ள வேண்டும். என் பெயரை உங்களுக்குச் சொன்னவர் யார்?"

இதில் எதுவும் அவமதிப்பு இல்லை. எந்தப் படக்காரருக்கும் வேலைக்குத் தேவையான விவரம்தான். மோசடிக்காரனிடமிருந்து இதற்கு வரும் பதிலைப் பாருங்கள்: "இடம் பின்னர் அறிவிக்கப்படும். முதலில் கட்டணத்தை உறுதி செய்வோம்." கேட்ட ஐந்துக்கும் பதில் இல்லாமல் மறுபடி பணத்துக்கே வந்து நிற்பான். மண்டபத்தின் பெயரைச் சொல்லிவிட்டால், மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டு அந்தத் தேதியில் யார் பெயரில் பதிவு என்று கேளுங்கள். சிறிய ஊரில் இது இரண்டு நிமிட வேலை. எண்ணை அந்தக் கடிதத்திலிருந்து எடுக்காதீர்கள், நீங்களாகத் தேடி எடுங்கள்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. அறியாத ஆள் எல்லோரும் திருடர் அல்லர். ஊரை விட்டுப்போனவர்கள் அறுபதாம் கல்யாணத்துக்கும் குலதெய்வப் பூசைக்கும் சிங்கப்பூரிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் திரும்பி வருவதுண்டு. அவர்கள் வரும் வழியே மின்னஞ்சல்தான். சில வருடங்களுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து ஓர் அம்மா எழுதினார். ஆங்கிலமும் தமிழுமாகக் கலந்து, பேரம் பேசாமல், பணத்தை முன்கூட்டியே அனுப்பட்டுமா என்று கேட்டு. எனக்கு உடனே வயிறு கலங்கியது. வழக்கமான கேள்விகளை அனுப்பினேன். மறுநாள் இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது: தன் தாத்தா தோட்டத்தில் தண்டலாக இருந்தது, லயத்துக்குப் பின்னால் இருந்த மாரியம்மன் கோயில், அதன் பக்கத்தில் நின்ற ரம்புத்தான் மரம், இப்போது கோயில் பெரிய சாலைக்கு இடம் மாறியிருப்பதாகக் கேள்விப்பட்டது, சமையலுக்கு யாரைச் சொல்லலாம் என்று என்னிடமே ஒரு கேள்வி. கேட்டதற்கு மேல் சொல்பவர் கல்யாண வீட்டுக்காரர். அந்த வேலையை எடுத்தேன், ஆல்பம் இன்றும் என் மேசையில் மாதிரியாக இருக்கிறது.

படி 4: குரலைக் கேளுங்கள்

ஒரு முறையாவது பேசாமல் தேதியை ஒதுக்காதீர்கள். தொலைபேசியில் பேச முடியாததற்கு வைத்திருக்கும் காரணங்கள் சில கடிதங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப வரும்: காது கேட்காது, அறுவைச் சிகிச்சை, கப்பலில் வேலை. காது கேளாத வாடிக்கையாளர் உண்மையிலேயே இருக்கலாம், அவரை நோகடிக்கக் கூடாது. அவரிடம் புலனத்தில் (வாட்ஸ்அப்) காணொளி அழைப்பு கேளுங்கள், அல்லது வீட்டில் வேறொருவரோடு பேசுகிறேன் என்று சொல்லுங்கள். கல்யாண வீட்டில் பேச ஒருவர்கூட இல்லை என்பது நடக்காத காரியம். நம் கல்யாண வீடுகளில் பிரச்சினையே பேசுபவர்கள் அதிகம் என்பதுதான்.

படி 5: அனுப்பியவரைத் துருவிப் பாருங்கள்

பதில் எழுதும் பொத்தானை அழுத்தியதும் மேலே தோன்றும் முகவரியைப் பாருங்கள். கடிதம் வந்த முகவரி ஒன்றாகவும் பதில் போகும் முகவரி வேறாகவும் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நிறுவனத்தின் பெயரில் வந்தால் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்தால் கைப்பேசித் திரையில் கண் ஏமாந்துபோகும்.

நிறுவனம் உண்மையா என்பதை எஸ்.எஸ்.எம். என்று நாம் சொல்லும் மலேசிய நிறுவன ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடலாம். அப்படியே நீங்களும் உங்கள் தொழிலைப் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பதிவு இருந்தால் தொழிலுக்கென்று தனிக் கணக்கு திறக்கலாம். வீட்டுச் செலவுப் பணமும் வாடிக்கையாளர் முன்பணமும் ஒரே கணக்கில் கிடந்தால் எது எங்கிருந்து வந்தது என்று நமக்கே தெரியாது. என் 1,200 வெள்ளி அப்படிப் போனதுதான். அதில் அந்த மாத மோட்டார் சைக்கிள் தவணையும் இருந்தது.

அரசாங்கப் பெயரில் வரும் வேலைக்கு இன்னும் கவனம் தேவை. ராணுவ முகாம், பள்ளி என்று பெயர் சொல்லி, சமையல் குத்தகைக்காரர்களையும் கடைக்காரர்களையும் ஏமாற்றிய செய்திகள் நம் நாளேடுகளில் பலமுறை வந்துவிட்டன. முதலில் உங்கள் தொழிலுக்குரிய பெரிய ஆர்டர் கொடுப்பார்கள். எல்.ஓ., அதாவது அரசாங்கக் கொள்முதல் ஆணை, என்று ஒரு தாளும் முத்திரையோடு வரும். பிறகு, "இதோடு இந்தப் பொருளும் வேண்டும், இந்த விற்பனையாளரிடம் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், சேர்த்துக் கட்டிவிடுகிறோம்" என்பார்கள். படக்காரரிடம் அது நினைவுக் கேடயமாகவோ படச்சட்டமாகவோ வரும். விற்பனையாளரும் அவர்களுடைய ஆளே. மறுபடியும் அதே மூன்றாம் ஆள். பள்ளி பெயரில் வந்தால் பள்ளி அலுவலகத்துக்கு நேரில் போய்விடுங்கள். தோட்டப் பட்டணத்தில் எந்தத் தமிழ்ப்பள்ளியும் மோட்டார் சைக்கிளில் எட்டாத தூரத்தில் இல்லை.

உங்களிடம் ஒரு கணக்கு எண்ணையோ கைப்பேசி எண்ணையோ கொடுத்தால், போலீஸ் வணிகக் குற்றப் பிரிவின் செமாக் மியூல் பக்கத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். அந்த எண்ணின் மீது முன்பே புகார்கள் இருந்தால் காட்டும். புகார் இல்லை என்று வந்தால் நல்லவர் என்று பொருளல்ல, இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்று மட்டுமே பொருள்.

படி 6: முன்பணத்தை உங்கள் வழியில் வாங்குங்கள்

விலை, தேதி, முன்பணம், ரத்துக்கான நிபந்தனை நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் நிபந்தனையில் இந்த வரி இருக்கட்டும்: "குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலுத்தினால் வேலை தொடங்காது. பிற தரப்பினருக்கான பணத்தைக் கையாள்வதில்லை." மோசடிக்காரன் இந்த வரியோடு மறைந்துவிடுவான். உண்மையானவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

முன்பணத்தை டூயிட்நௌ என்னும் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் வாங்குவதே நமக்கு எளிது, பணம் உடனே வந்து சேர்ந்துவிடும். உடனே வராவிட்டால் வரவில்லை என்றே கொள்ளுங்கள். "அனுப்பிவிட்டேன், சீட்டைப் பாருங்கள்" என்று வரும் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். படம் திருத்துவது நம் தொழில், ஒரு தொகையை மாற்றுவது எத்தனை நொடி வேலை என்று நமக்குத் தெரியாதா? உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, எடுக்கக்கூடிய இருப்பு கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் வங்கியிலோ கட்டணத் தளத்திலோ நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் முதலில் இந்தத் தொகையை அனுப்பினால் விடுவிப்பார்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், அது வங்கியின் சின்னத்தோடு வந்தாலும் பொய். பணம் வாங்குவதற்காக எந்த வங்கியும் உங்களைப் பணம் கட்டச் சொல்வதில்லை.

படி 7: இணைப்பைத் திறக்காதீர்கள், பயணத்துக்குக் காசு கட்டாதீர்கள்

"மாதிரிப் படங்கள்" என்று சுருக்கிய கோப்போ, புலனத்தில் "கல்யாணப் பத்திரிகை" என்று ஒரு கோப்போ வரும். பெயரின் கடைசியில் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். ஏ.பி.கே. என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. நிறுவிவிட்டால் உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து வங்கிக் கணக்குக்குள் நுழையப் பார்க்கும். 2022இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி வழி வரும் ரகசிய எண்ணைக் கைவிடும்படி வங்கிகளுக்குச் சொன்னதற்கு இப்படிப்பட்ட திருட்டுகளும் காரணம். கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும். எதையும் நிறுவச் சொல்லாது.

பெரிய வாய்ப்பு என்று வருபவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் பக்கத்து நாட்டில் நடந்தது. ஹாலிவுட் தயாரிப்பாளர்களின் பெயரைச் சொல்லி, பெண் குரலிலும் பேசி, படக்காரர்கள், ஒப்பனைக் கலைஞர்கள், எழுத்தாளர்கள் எனப் பலரை இந்தோனேசியாவுக்கு வரவழைத்தார் ஒருவர். இடம் பார்க்க வாருங்கள், விமானச் சீட்டையும் அங்கே ஓட்டுநருக்கான பணத்தையும் முதலில் நீங்கள் கட்டுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்பது ஏற்பாடு. ஜகார்த்தாவில் நாள்தோறும் ஓட்டுநர் கையில் பணத்தைக் கொடுத்துக்கொண்டு, வராத தயாரிப்பாளருக்காகக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பாதிக்கப்பட்டவர்களைத் தேடி அறிவிப்பு வெளியிட்டது. 2020 இறுதியில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஓர் இந்தோனேசியர் கைதானார். அனுபவசாலிகளே போய்விழுந்த குழி அது. "பினாங்குக்கு வாருங்கள், ஹோட்டல் செலவைப் பிறகு தருகிறோம்" என்று உங்களுக்கு வந்தால் நினைவில் வையுங்கள்.

அதேபோல, விடியற்காலை ஐந்து மணிக்குச் செம்பனைக் காட்டுக்குள் தனியாக வந்து படமெடுக்கச் சொன்னால், ஆளை முன்பே நேரில் பார்த்திருந்தாலொழிய துணையில்லாமல் போகாதீர்கள். அங்கே போவது உங்கள் கேமராப் பை, திரும்பி வராமல் போகலாம்.

படி 8: விழுந்துவிட்டால்

பணம் அனுப்பிய நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. அவமானப்பட்டு ஒரு நாள் யோசித்தால் பணம் நான்கு கணக்குகளைத் தாண்டியிருக்கும். நான் இரண்டு நாள் யோசித்தேன்.

உடனே 997ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. அல்லது உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள், அது வங்கி அட்டையின் பின்புறத்திலோ செயலியிலோ இருக்கும். பணம் போன கணக்கு எண், தொகை, நேரம், பரிமாற்ற எண் நான்கையும் தயாராக வைத்துக்கொண்டு அழையுங்கள். ஏ.பி.கே. நிறுவிவிட்டிருந்தால் முதலில் கைப்பேசியின் இணையத்தை நிறுத்திவிட்டு, வேறு கைப்பேசியிலிருந்து அழையுங்கள். வங்கிச் செயலியில் கணக்கை முடக்கும் வசதி இருந்தால் வேறு கருவியிலிருந்து அதையும் அழுத்துங்கள்.

பிறகு போலீஸ் நிலையம். மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள், கோபத்தில் பதிலும் எழுதாதீர்கள். எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். ஏமாற்றுக்கான சட்டப் பிரிவு இங்கே 420. ஏமாற்றுக்காரனை நம்மவர் 'ஃபோர் ட்வென்டி' என்று திட்டுவது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்திலிருந்து. அதே எண் இங்கேயும் வந்து சேர்ந்தது. இந்தியாவில் 2024இல் அந்தச் சட்டம் மாறி எண்ணும் மாறிவிட்டது, நமக்கு 420 இன்னும் 420தான். புகார் நகலை வங்கியிடம் கொடுங்கள், ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில வாரங்களில், "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று ஒருவர் கூப்பிடலாம், வழக்கறிஞர் என்பார், 997இலிருந்து பேசுகிறேன் என்றும் சொல்லலாம். கட்டணம் கேட்டால் அது இரண்டாவது மோசடி. ஒரு முறை ஏமாந்தவர்களின் பட்டியலுக்கு அவர்களுக்குள் விலை உண்டு.

கடைசியாக, பொய்க் கல்யாணத்துக்கு ஒதுக்கிய தேதியை உடனே விடுவியுங்கள். எனக்கு அந்த ஆகஸ்டு 5இல் இன்னொரு செலவும் ஆனது. ஒரு வீட்டார் அதே நாளில் பட்டமளிப்பு விருந்துக்குப் படமெடுக்கக் கேட்டார்கள், நாள் இல்லை என்று சொல்லியிருந்தேன்.

கடிதத்தை ஊரிலுள்ள மற்றப் படக்காரர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். போட்டியாளர்தானே என்று மறைக்க இதில் ஒன்றும் இல்லை. எங்கள் வட்டாரத்தில் இப்போது ஒரு புலனக் குழு வைத்திருக்கிறோம், சந்தேகமான கடிதம் வந்தால் அதில் போடுவது வழக்கம். போன மாதம் வந்த கடிதத்தில் மணமகளின் பெயர், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. குழுவில் போட்ட பிறகுதான் தெரிந்தது, அதே பெண்ணுக்கு அதே முகூர்த்தத்தில், எங்களில் நான்கு பேரிடமும், நான்கு வெவ்வேறு மண்டபங்களில் கல்யாணம்.